மடியில் வந்த நீல ரின்

ஒஹாயோவில் மான் சுடுவதற்கு லைசன்ஸ் வேண்டும். மானுக்கென்று தனி அனுமதி வேண்டும். கண்ணில் அடிக்கும் தோடம்பழ ஒரேஞ்ச் நிறத்தில் மேற்சட்டை போட வேண்டும், சுட்ட மானைப் பதிய வேண்டும். ஆனால் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் பால் வாங்கப் போக யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நீண்ட வார இறுதி முழுவதும் வினோதன் இதைத்தான் அக்கா ரதிக்கும் அத்தான் அன்புராசாவுக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். நியூஜேர்சியில் இருந்தபோது கைரேகை, படிவம், மாதக்கணக்கில் காத்திருப்பு என்று அவனைப் பாடாய்ப் படுத்தினார்களாம். ஒஹாயோவுக்கு வந்த பிறகுதான் மனிசனாய் இருக்கிறானாம். ஊரில் சண்டைக் காலத்தில், சின்ன வயதில், வெடிச்சத்தம் கேட்டால் முதலில் கட்டிலுக்குக் கீழே புகுந்தவன் இவன்தான் என்பது ரதிக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் ஏன் பொல்லாப்பு.

திங்கட்கிழமை காரில் கனடாவுக்கு, விட்பியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினார்கள். செவ்வாய் பின்னேரம் மூன்றேகாலுக்கு, ரதி மிசிசாகாவில் விமானச் சரக்குக் கந்தோரில் வேலையாக இருந்தபோது வினோதன் அழைத்தான்.

“அக்கா, செரீனா தந்துவிட்ட பலகார ரின் எங்க?”

செரீனா அவன் மனைவி. ஒஹாயோவிலிருந்து வெளிக்கிடும்போது ஒரு நீலத் தகர டப்பாவை, பிஸ்கற் ரின்னை, கொண்டுவந்து ரதியின் மடியில் வைத்தவள்.

“பாலேஸ்வரி அன்ரிக்குக் குடுத்திட்டன். காலமை அட்சயாவை விடேக்க. ஏன்ரா?”

“திறந்து பாத்தனீங்களோ?”

“இல்லை. சுத்திவர ரேப் ஒட்டியிருந்தது. அப்பிடியே குடுத்தனான்.”

அதில் ஒரு புதினமும் இல்லை. வந்த பலகாரத்தைப் பிரிக்காமல் இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். பாலேஸ்வரி அன்ரி பள்ளிக்கு முன்னும் பின்னும் நாலு பிள்ளைகளைப் பார்ப்பவர். அதில் ஒருத்தி ரதியின் மகள் அட்சயா. ஏழு வயது.

வினோதன் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, கத்தாதேங்கோ. அட்சயா வந்து நிக்கிறாளெண்டு என்ர பிஸ்டலை உதே மாதிரி ஒரு நீல ரின்னுக்குள்ள வைச்சு, ரேப் சுத்தி, பிரிட்ஜுக்கு மேல வைச்சனான். செரீனாவுக்குச் சொல்லேல்லை. அவளும் பணியார ரின்னுக்கு ரேப் ஒட்டி அதுக்குப் பக்கத்திலதான் வைச்சிருக்கிறாள். இப்ப திறந்து பாத்தா பணியாரம் இஞ்ச கிடக்கு.”

ரதி எழும்பிவிட்டாள். “குண்டு இருக்கோ?”

“ஓம்.”

“உனக்கு அறிவிருக்கோடா?”

“பொலிசுக்கு மட்டும் அடிச்சிடாதேங்கோ அக்கா. அத்தானைத்தான் பிடிப்பாங்கள்.”

அவள் போனை வைத்துவிட்டு அன்ரிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் நிற்கும்போது போனை மேல்மாடியில் சார்ஜில் போட்டுவிடுவது அன்ரியின் வழக்கம். அந்த ஒழுங்குக்காகத்தான் ரதி அவரைத் தேடிப் பிடித்தாள். இன்னொரு வழக்கமும் உண்டு. நாலு மணிக்குப் பிள்ளைகளை மேசையில் இருத்தித் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுப்பார்.

மூன்றரை. விட்பிக்கு 401 நெடுஞ்சாலையில் இந்த நேரம் ஒன்றரை மணித்தியாலம். ரதி யாரிடமும் சொல்லாமல் காருக்கு ஓடினாள். ஓட்டிக்கொண்டே அன்புராசாவை அழைத்தாள். அவன் அமெரிக்காவுக்குச் சாமான் ஏற்றும் ட்ரக் ஓட்டுபவன். அப்போது பஃபலோவில் கனடாவுக்குத் திரும்பும் எல்லைப் பாலத்து வரிசையில் நின்றான். முதல்நாள் இதே பாலத்தில்தான் அதிகாரி, “ஆயுதம் ஏதும் இருக்கா?” என்று கேட்க, இவன் சிரித்துக்கொண்டு இல்லை என்றான். ஒஹாயோவில் சும்மா சாமானாக இருந்தது, அந்தப் பாலத்தைத் தாண்டியவுடன் மறியலில் போடுகிற குற்றமாகிவிட்டது. ட்ரக் வேலை போகும், எல்லை தாண்டும் காட் பறிபோகும், இன்னும் சிற்றிசன் எடுக்காத மனிதனை நாட்டிலேயே வைத்திருப்பார்களோ தெரியாது.

அன்புராசா எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, “பத்து நிமிசம் பொறு. யோசிப்பம்” என்றான்.

பத்து நிமிசம் அவளிடம் இல்லை. அட்சயாவின் சின்ன விரல்கள் ரேப்பின் முனையைச் சுரண்டுவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.  அவள் அவன் அழைப்பை வெட்டிவிட்டு 911ஐ அழுத்தினாள். முகவரி சொன்னாள். நீல ரின் என்றாள். உள்ளே என்ன என்பதைச் சொல்லும்போது குரல் அவளுடையதாகவே இல்லை.

ஐந்து மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கப் பொலிஸ் கார்கள். நாலு பிள்ளைகளும் எதிர்வீட்டு ட்ரைவேயில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அட்சயா உயிரோடு இருந்தாள். பள்ளிப் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பையை எங்காவது விட்டுவிட்டு வந்தால் அம்மா ஏசுவாள் என்று அவளுக்குத் தெரியும். 

உள்ளே எல்லா அலுமாரியையும் திறந்து பார்த்தும் ரின் கிடைக்கவில்லை என்று ஒரு பெண் அதிகாரி சொன்னாள். வீட்டுக்காரி தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாராம். இன்னும் ஒருமுறை பார்ப்பார்களாம்.

பாலேஸ்வரி அன்ரி மெதுவாக வந்து ரதியின் கையைப் பிடித்தார். 

“பயப்பிடாதை பிள்ளை. நீல ரின் எங்கயெண்டு மட்டும்தான் கேட்டவங்கள். நான் வாயே திறக்கேல்லை” என்றார் காதுக்குள். “ஊரில ஆமியின்ர எத்தினை சுத்திவளைப்பு, றவுண்டப் பாத்தனான். யூனிபோம் உடுப்புப் போட்டவன் எதைக் கேட்டாலும் தெரியாதெண்டுதான் சொல்லவேணும்.”

“ரின் எங்க அன்ரி?”

“எனக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தின்னேலாதெல்லே. பிள்ளை தின்னட்டுமெண்டு, பள்ளியால வந்த உடனேயே உவளின்ர பைக்குள்ள வைச்சிட்டன். அவங்கள் பிள்ளையின்ர பையைப் பாக்கேல்லை.”

ரதி திரும்பிப் பார்த்தாள். அட்சயாவின் ஒரு கை பைக்குள் இருந்தது.

“அம்மா, it’s so heavy,” என்றாள் அட்சயா. “And the tape won’t come off. கொஞ்சம்தான் வந்தது.”

“கையை எடு, குஞ்சு. ஆடாமல் இரு” என்றாள் ரதி.

பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையுடன் நடந்தால் இரண்டு தெருவில் வீடு. யாரும் மறிக்க மாட்டார்கள். பொய்த் தகவல் என்று எழுதிக்கொண்டு பொலிஸ் போய்விடும். அன்புராசா இரவு வந்து சோறு சாப்பிடுவான். அன்ரி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ரதிக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் பயம் வந்தது.

அவள் அன்ரியின் விரல்களைப் பிரித்துவிட்டு அந்தப் பெண் அதிகாரியைக் கூப்பிட்டாள். பையைக் காட்டினாள். அதிகாரி குனிந்து, பையை அட்சயாவின் மடியிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டு வெறும் புல்தரைக்குப் போனாள். இன்னொருவன் கையுறையோடு வந்தான். ரேப் பாதிக்குமேல் கழன்றிருந்தது.

அட்சயா வந்து ரதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சட்டையில் பள்ளிக்கூடப் பசையின் மணம்.

அதிகாரி குறிப்பெழுதும் கொப்பியோடு திரும்பி வந்தாள். எல்லையால் இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டாள்.

ரதியின் கைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்காமலே அன்புராசா என்று தெரியும். ஒஹாயோவிலிருந்து விட்பி வரை, அவன் ஓட்ட, தான் பக்கத்தில் இருந்து, பலகாரம் உடைந்துவிடும் என்று அந்த ரின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்ததை அவள் நினைத்தாள்.

“நான்தான்” என்றாள். “என்ர மடியிலதான் இருந்தது.”