சிவநேசன் அடித்த ஓலை

வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பில் ‘ஹெடி’ என்ற ஒரு சொல் வந்து குறுக்கே நின்றது. பிரிக்பீல்ட்ஸ் சபையில் இன்னும் அந்த நானூறு வருடப் பழைய ஆங்கில வேதாகமத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தம் சொல்வது ராஜினி டீச்சரின் வேலை.

“அந்தக் காலத்துல, முன்ன பின்ன யோசிக்காம தலைகுப்புறப் பாயுறவங்களை அப்படிச் சொல்வாங்க,” என்றாள்.

“அப்போ அந்த லிஸ்ட்ல நான் இல்ல லா, சிஸ்டர்,” என்றார் சிவநேசன். வகுப்பே சிரித்தது.

சபைச் செயலாளர் அவர். கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவார். ஒரு சட்டை வாங்க மூன்று தடவை கடைக்குப் போகிற ஆள். மனைவி இறந்து ஏழு வருடம். ராஜினியின் கணவர் போய் ஒன்பது. மூன்று வருடமாக வகுப்பு முடிந்ததும் அவளை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார். ஏதோ சொல்ல வாயெடுப்பார்; “மழை வரும்போல,” என்று முடிப்பார். அவளும் வானத்தைப் பார்த்து வைப்பாள். இந்த மனுஷர் கேட்டுத் தொலைக்கமாட்டாரா என்று ராஜினி ஏங்கிப்போயிருந்தாள். அதை மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை, புதிதாக மாற்றலாகி வந்த பாஸ்டர் ஓலை வாசித்தார். கல்யாணம் செய்யப்போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்களே, அதுதான். டைப் அடித்துக் கொடுப்பது சிவநேசன். முதல் தாளில் சபைப் பையன் தனேஷும் அவன் கட்டப்போகிற பெண்ணும். பாஸ்டர் அடுத்த தாளைப் புரட்டினார்.

“கிள்ளானைச் சேர்ந்த சிவநேசனுக்கும், பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்த ராஜினிக்கும்…”

சபை மொத்தமும் திரும்பியது. முன்வரிசையில் சிவநேசனின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. இரண்டு பெயரும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆசைக்கு டைப் அடித்துப் பார்த்திருக்கிறார். கிழிக்க மனம் வரவில்லை. அந்தத் தாள் மற்றதோடு சேர்ந்து போய்விட்டது.

“தடை ஏதும் இருந்தால் இப்போது சொல்லலாம்,” என்றார் பாஸ்டர்.

சிவநேசன் எழுந்தார். “மன்னிக்கணும் பாஸ்டர். என் தப்பு. அந்தத் தாள் வந்து…”

இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. இந்த ஜென்மத்தில் இனி வாயைத் திறக்கமாட்டார். வெட்கத்தில் வேறு சபைக்கே போய்விடுவார். ஷா ஆலமில் இருக்கும் மகன் என்ன சொல்வான், பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், எதுவும் ராஜினிக்குத் தோன்றவில்லை. எழுந்துவிட்டாள்.

“தாள் சரியாத்தான் இருக்கு, பாஸ்டர்,” என்றாள். “எனக்குத் தடை இல்ல. இன்னும் ரெண்டு ஞாயிறு வாசிங்க.”

சிவநேசன் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேர் பார்க்க, கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.