கண்ணை மூடிய படம்

அந்தத் தீவில் கோடையில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை படகு கிடையாது. ஆனாலும் டிக்கெட் கொடுக்கும் அக்கா கவுண்ட்டரை விட்டு நகரக் கூடாது. கிழித்த டிக்கெட்டுகளின் அடிக்கட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தலைய மேசைமேல சாய்ச்சு, கண்ண மூடுங்கக்கா," என்றான் புகைப்படக்காரன். மந்தமான கோடை நாட்களைப் படமெடுக்க வந்து ஐந்து நாளாகிவிட்டது. கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தார்கள்.

"பதினாறு வருஷமா இந்த நாற்காலியில கண்ணசந்ததே இல்ல தம்பி. என் வேலைக்கு உலை வைக்கவா வந்தீங்க?"

"சும்மா ஒரு பாவனைக்குத்தான்."

"குறட்டையும் விடணுமா?"

சாய்ந்தாள். உதட்டில் சிரிப்பு நிற்காததால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

படத்துக்குப் பத்திரிகைப் போட்டியில் முதல் பரிசு. போஸ் கொடுக்க வைத்து எடுத்த படம் என்று தெரிந்தால் பரிசைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

படம் வெளியான நான்காம் நாள், படகு நிறுவன அதிகாரி பத்திரிகையோடு கவுண்ட்டருக்கு வந்தார். புகைப்படக்காரன் இன்னும் தங்கியிருந்த லாட்ஜுக்கு அக்கா போன் செய்தாள்.

"ஒரு வார்த்த சொன்னாப் போதும் தம்பி. வேலை போனா நானும் என் பொண்ணும் நடுத்தெருவுலதான்."

அவன் வந்தான். வராவிட்டால் சந்தேகம் வரும்.

"நீங்கதான் இவங்கள சாயச் சொன்னீங்களாமே?" என்றார் அதிகாரி.

"நான் யாரையும் எதுவும் செய்யச் சொல்றதில்ல சார். இருக்கறத எடுப்பேன்."

"அப்போ தூங்கிட்டுத்தான் இருந்தாங்களா?"

"நல்லா."

அக்கா அவனையே பார்த்தாள். "தம்பி, பத்து தடவை கண்ண மூடச் சொன்னீங்களே! கேமராவ சார்கிட்டக் காட்டுங்க. நான் சிரிக்கிற படமெல்லாம் அதுல இருக்கும்."

பதினான்கு தடவை. மற்ற பதின்மூன்றையும் அவன் காலையில்தான் அழித்திருந்தான். கேமராவை அவனே அதிகாரியிடம் நீட்டினான்.

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கவுண்ட்டர் சாவியக் குடும்மா."

மூன்று மணிப் படகுக்கு ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் நின்றவர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு டிக்கெட். முழிச்சிட்டுத்தான இருக்கீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் கை தானாகவே இரண்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டியது. அதிகாரி அதை அவள் விரல்களிலிருந்து உருவி, தானே வெளியே கொடுத்தார்.