வலிக்காத கை

முதல் நாள் நான் சொன்ன ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது. தீக்காய வார்டில் பதினோரு வருடமாகக் கட்டுப் போடுகிறேன். என் வாய்க்குக் கட்டுப் போடத்தான் இன்னும் கற்கவில்லை. கொதிக்கும் எண்ணெய் கொட்டி வலது கை வெந்துபோன நான்கு வயதுச் சிறுமி. முழங்கையைத் தொட்டும் அழவில்லை. கதவருகே அவளுடைய அப்பா, லாரி ஓட்டுநர், முகம் வெளிறி நின்றார். அவரைத் தேற்றத்தான், "பாருங்க, தங்கம், அழவே இல்ல" என்றேன்.

மூன்றாம் நாள் அறுவை மருத்துவர் அவரை அழைத்துச் சொன்னார்: "வெந்த தோலைச் சீவிட்டு, தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டணும். நாளைக்கே. சீழ் பிடிச்சா முழங்கை மடங்கினபடியே இறுகிடும்."

"காஞ்சுக்கிட்டு வர்ற புண்ணை எதுக்கு சார் கிளறணும்? நல்லா இருக்கிற தொடையையும் கெடுக்கணுமா? அவளுக்கு வலியே இல்ல. சிஸ்டரே சொன்னாங்க."

மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயே பாதி செத்தேன். அவர் எவ்வளவு விளக்கியும் அப்பாவின் காதில் ஏறவில்லை. நான்கு நாள் இழுத்தடித்தார்.

ஏழாம் நாள் சிறுமிக்குக் காய்ச்சல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கட்டு மாற்றும்போது அவரைப் பக்கத்தில் நிறுத்தி, சுத்தமான ஊசியால் முழங்கையில் குத்தினேன். சிறுமி இடது கையால் பூனைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை. தோளருகே சிவந்த ஓரத்தில் குத்தினேன். வீறிட்டாள்.

"கத்தினாள்ல, அந்த இடத்துல உயிர் இருக்கு. கத்தாத இடம் செத்துப்போச்சு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அப்பா நின்றபடியே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மருத்துவர் வெந்த தோலைப் படலம் படலமாகச் சீவினார். ரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்த்ததும் நிறுத்தி, தொடைத் தோலைப் பரப்பி ஒட்டினார்.

ஐந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தோம். எல்லா இடத்திலும் தோல் பிடித்திருந்தது, முழங்கை மடிப்பைத் தவிர. அங்கே சீழ் முந்திக்கொண்டுவிட்டது. மறுபடி ஒட்டினாலும் கை முழுசாக நீளுவது சந்தேகம்தான்.

அப்பா குனிந்து அந்த இடத்தையே பார்த்தார்.

"அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருந்தா பிடிச்சிருக்குமா சிஸ்டர்?"

"பிடிச்சிருக்கும்" என்றேன். "அந்தப் பழியில பாதி எனக்கு."

அவர் நிமிர்ந்தார். பிறகு, "அடுத்த ஆபரேஷனுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.