நாளைய கறியில் நான்காவது துண்டு

நாளைக்குச் சாப்பிட வேண்டிய கறியை உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? எங்கள் வீட்டில் இன்றைக்குச் சாயங்காலம் ஏழே காலுக்குச் சாப்பிட்டுவிடுவோம்.

முதலில் அப்படி இல்லை. என் வீட்டுக்காரர் லெயோன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போன தடவை ஊருக்கு வந்தபோது, கப்பல் அடுப்படியில் பதினோரு வருஷம் உழைத்த இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நீளப் பிடி, கனமான அடி. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் நாலு பாத்திரம் வைத்துச் சமைக்க முடியாது. அதனால் கனமான கறித்துண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு எட்டு நிமிஷத்தில் இறக்குவார்களாம். அதற்கு ஸ்டேக் என்று பெயர். என் மாமனார் சூசைமிக்கேல் அதைப் பலகைக்கறி என்பார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. இறால் கம்பெனியில் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை. ஒரு சட்டி, ஒரு கழுவல். வேறென்ன வேண்டும்?

முதல் மாதம் கறி வேக எட்டு நிமிஷம் ஆனது. அடுத்த மாதம் நாலு. பிறகு மூடி போட்டு எடுப்பதற்குள் வெந்தது. கடலில் நாள் மாறுகிற தேதிக் கோட்டைத் தாண்டித் தாண்டி அந்தச் சட்டிக்கு அவசரம் பழகிவிட்டது என்று லெயோன் போனில் சொன்னார். எட்டாம் வகுப்பில் டீச்சர் உலக உருண்டையில் அந்தக் கோட்டைக் காட்டியபோது நான் ஜன்னல் வழியாக ஆடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் சட்டி ஒரு நாள் முந்திவிட்டது. அங்கேயே நின்றும்விட்டது.

வேலை ஒன்றும் கூடவில்லை, குறையவும் இல்லை. பச்சைக் கறியைச் சட்டியில் போட்டு மூடுவேன். அது நேற்றைக்குப் போய்விடும். மூடியைத் திறந்தால் நாளைக்கு நான் போடப்போகிற கறி வெந்து தயாராக இருக்கும். தட்டில் போட்டுச் சாப்பிடுவோம். மறுநாள் அதே மாதிரி கறி வாங்கி, அதே அளவு உப்பு மிளகு தடவிப் போட்டுவிட வேண்டும். என்ன சமைக்கலாம் என்ற யோசனையே கிடையாது. கறிக்கடை ரபீக் அண்ணனிடம் போய், "நேத்துச் சாப்பிட்டதைக் குடுங்கண்ணே" என்றால் போதும். அவரும் வெட்டிக் கொடுத்துவிடுவார்.

ஒரே ஒரு தடவைதான் தப்பு செய்தேன். சம்பளம் வாங்கிய பரபரப்பில் உருளைக்கிழங்கு போட மறந்துவிட்டேன். மூடி போட்ட அடுத்த நிமிஷம் என் மகள் ஜெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, எனக்கு நேத்து ராத்திரியே பசிச்சுது" என்றாள். மாமனாருக்கும் பசித்தது. எனக்கும் பசித்தது. முந்தின நாள் நாங்கள் சாப்பிட்ட கிழங்கு, சாப்பிடாததாகிவிட்டது.

"வயித்துல இருந்ததைப் புடுங்கிட்டியேம்மா" என்றார் மாமனார்.

அவருக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன். நேற்றைய பசிக்கு நேற்று வாங்கிய பழம் பொருந்தியது.

இந்தச் சட்டியிடம் இன்னொரு குணம் உண்டு. அது பொதுவாகச் சமைக்காது, ஆளுக்குத் தக்கபடி சமைக்கும். மாமனாருக்குப் பல் நான்குதான், அவர் துண்டு பஞ்சு மாதிரி வெந்திருக்கும். என் துண்டின் மேல் பச்சை மிளகாய் கிடக்கும். ஜெனிட்டாவுடையது ஓரம் முறுகலாக இருக்கும். லெயோன் ஊரில் இருந்த நாட்களில் நான்காவதாக ஒரு துண்டு வரும். வெளியே கருத்து, உள்ளே ரத்தச் சிவப்பாக. கப்பலில் பழகிய நாக்கு. அவர் போன நாளிலிருந்து மூன்று துண்டுதான்.

ஒன்பது மாதமாக மூன்று துண்டு.

இந்தப் பங்குனியில் ஜெனிட்டாவுக்குப் புதுநன்மை, கோவிலில் முதல் தடவை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனும் தலைக்குக் கிரீடமும் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று சாமியார் தேதி குறித்துவிட்டார். லெயோனின் கப்பலும் அந்த வாரம் எங்கள் துறைமுகத்துக்கே வருகிறது என்றதும் ஜெனிட்டா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். கப்பல் புதன்கிழமை வந்தது. ஆனால் சரக்கு இறக்க இடம் கிடைக்கவில்லை. கரையிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"ஏ பிலோமி, இடம் கெடைக்கல. செவ்வாய் ஆயிரும்போல."

"ஒரு போட்ல ஏறி வந்துட்டுப் போயிரலாம்லா?"

"கேப்டன் விடமாட்டேங்காரு. சமையல்காரன் கப்பல விட்டு எறங்கக் கூடாதுன்னு விதி இருக்காம்."

"உங்க கேப்டனுக்குப் பிள்ளை குட்டி இல்லையா?"

"மூணு இருக்கு. அதான் கப்பல்லயே கெடக்காரு."

அன்று சாயங்காலம் நான் மூடியைத் திறக்கும்போது ஜெனிட்டா அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். சட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கறி இருந்தது. பஞ்சு மாதிரி ஒன்று, பச்சை மிளகாயோடு ஒன்று, ஓரம் முறுகலாக ஒன்று. அவள் பீன்ஸை ஒதுக்கிவிட்டு அடியில் பார்த்தாள். கிழங்கைப் புரட்டிப் பார்த்தாள்.

"மூணுதான்" என்றாள்.

பிறகு இறங்கி, ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு அதட்டுப் போட்டுச் சமாளித்திருப்பேன். படுக்கப் போகும்போது, "நாளைக்கு அப்பா வரது வரைக்கும் அந்த வெள்ளைக் கவுனக் கழட்டமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். வரப்போவதில்லை என்று தெரிந்துதான் சொன்னாள். அந்தக் கவுனைத் துவைப்பது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கோவிலில் பதினாறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஜெனிட்டா மெழுகுவர்த்தியைத் துப்பாக்கி மாதிரி பிடித்திருந்தாள். சாமியாரின் பிரசங்கம் நீளம். பிரசங்கம் நீளமாக இருந்தால் எனக்கு யோசனை நன்றாக ஓடும். கிழங்கு ஞாபகம் வந்தது. போடாமல் விட்டதால் சாப்பிட்டது சாப்பிடாததாகிவிட்டது. அப்படியானால் சேர்த்துப் போட்டால்? சனிக்கிழமை மூன்று துண்டு வந்தது அவர் வரமாட்டார் என்பதால் இல்லை. நான் மூன்று போடப்போகிறேன் என்பதால். கை என்னுடையதுதானே. நான் எழுந்து நின்றேன். அப்போது யாரும் எழுந்து நிற்கிற நேரம் இல்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

பூசை முடிந்ததும் நேரே கறிக்கடைக்குப் போனேன். ஜெனிட்டாவும் தலைக்கிரீடத்தோடு கூட வந்தாள்.

"நேத்துச் சாப்பிட்டது மூணு துண்டு. சரிதான?" என்று ரபீக் அண்ணன் கத்தியை எடுத்தார்.

"நாலு வெட்டுங்கண்ணே."

"நேத்து மூணுன்னு உங்க மாமா சொல்லிட்டுப் போனாரே."

"நேத்துச் சாப்பிடாதது ஒண்ணும் வேணும்."

அவர் தராசைப் பார்த்தார். "அது கொஞ்சம் கனமா வெட்டணும்" என்று சொல்லி, தொடைப் பக்கத்தில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டு எடுத்துத் தந்தார்.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தபோது மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"இல்லாத ஆளுக்குப் போடுற. சட்டி கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் முந்திச்சுன்னா என்ன செய்வ? நான் என்னைக்குக் கறின்னு திங்க?"

"வருவாரா மாட்டாரான்னு சட்டிக்குத் தெரியாது மாமா. போட்டதுதான் தெரியும்."

"வரலைன்னா பிள்ளை முகத்துல எப்படி முழிப்ப?"

ஜெனிட்டா கவுன் கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை வேர்வையில் கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

சட்டி காய்ந்ததும் எண்ணெய் விட்டேன். மாமனார் துண்டு, என் துண்டு, ஜெனிட்டாவின் துண்டு. கிழங்கு, பீன்ஸ், தட்டிய பூண்டு. கிழங்கை இரண்டு தரம் எண்ணிப் போட்டேன். கடைசியாகக் கனமான துண்டுக்கு உப்பும் மிளகும் தடவி நடுவில் வைத்தேன். கடைசியில் வைத்தால்தான் உள்ளே சிவப்பு நிற்கும். ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டு மூடினேன். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. நேற்றைக்குப் போய்விட்டது.



ஜெனிட்டாதான் முதலில் எழுந்தாள். அலமாரிக்குப் போய்க் கீழ்த்தட்டைத் திறந்தாள். அங்கே ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. மேல்தட்டை எடுத்தாள். வெளியே கருத்து, உள்ளே சிவந்த ஒரு துண்டு. ஒரு நாள் ஆறிப்போயிருந்தது. விளிம்பில் இரண்டு எறும்பு.

"யம்மா, நேத்து அப்பாக்கு எடுத்து வச்சது இருக்கு."

"ஆமா" என்றார் மாமனார். இப்போது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "நேத்து நாலு துண்டுல்லா வந்துச்சு. நான் கேட்டதுக்கு, அது அவருக்குன்னு நீ தூக்கி உள்ள வச்சுட்ட. பெத்த அப்பனுக்கு ஒரு வாய் குடுக்கலை."

எனக்கும் அப்படி வைத்த ஞாபகம் இருந்தது. எறும்பை ஊதிவிட்டுத் தட்டை மேசையில் வைத்தேன்.

அப்போது தெருமுனையில் சங்கு ஊதியது. சிலுவை நிற்கிற குருசடி வளைவில் திரும்புவதற்குக் கப்பலுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா வெளியே வந்து தன் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "இன்னும் கொஞ்சம் வலது, வலது" என்று கையைக் காட்டிவிட்டு, காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கப்பல் எங்கள் வாசலில் முருங்கை மரத்தை உரசாமல் வந்து நின்றது. கம்பியோரம் லெயோன் ஏப்ரனோடு நின்றார். மெலிந்திருந்தார்.

"இறங்கக் கூடாதுன்னாங்களே?" என்று கேட்டேன்.

"நான் எங்க எறங்குனேன்? சமையல்காரன் கப்பல விட்டு எறங்கக் கூடாதுன்னுதான் விதி. கப்பல் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு எதுலயும் எழுதலைன்னு கேப்டன் பாத்துச் சொன்னாரு." கயிறு ஒன்றை வீசினார். மாமனார் அதை முருங்கையில் கட்டினார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கயிறு கட்டியவர். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

கப்பலின் ஓரம் எங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. மேசையை ஜன்னலை ஒட்டித் தள்ளினோம். லெயோன் அந்தப் பக்கம் கப்பலிலேயே உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தன் துண்டை வெட்டிச் சாப்பிட்டார். ஜெனிட்டா எழுந்து நின்று கவுனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"ராணி மாதிரி இருக்க" என்றார் அவர்.

"காலைலருந்து இதோடதான் இருக்கேன். சொறியுது" என்றாள் அவள்.

அவருக்குப் பின்னால் கம்பியோரம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கப்பலில் இவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். புதன்கிழமையிலிருந்து இருப்பு தீர்ந்து, பருப்பும் சோறும்தான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அடுப்பில் மூடியபடி இருந்த சட்டியையே பார்த்தார்கள். அதில் திங்கட்கிழமைக் கறி இருந்தது.

கேப்டன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார். மரியாதையான மனிதர்.

"தங்கச்சி, நாளைக்கு நீங்க இருபத்தஞ்சு துண்டு போடுவீங்கன்னா, நாங்க இப்பவே சாப்பிட்டுருவோம்."

"அப்படிச் சாப்பிட்டா நாளைக்குச் சாயங்காலம் நான் போடுற வரைக்கும் எல்லாரும் இங்க இருந்தாகணும் சார். சாப்பிட்ட ஆள் இல்லாமப் போட்டா ஒத்துக்காது."

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். யாரோ நங்கூரத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. எங்கள் கோலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் மூடியைத் திறந்தேன். இருபத்தைந்து துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. ஒன்றில் கறிவேப்பிலை இருந்தது, ஒன்றில் சர்க்கரை தூவியிருந்தது. நாளைக்கு மறக்காமல் போட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். நடுவில் உள்ளே சிவந்த துண்டும் இருந்தது. தட்டுகள் ஜன்னல் வழியாகப் போகத் தொடங்கின.

ஜெனிட்டா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். சரிந்த கிரீடம் என் காதில் குத்தியது.

"யம்மா, இன்னைக்குக் கேட்ட மாதிரியே நாளைக்கும் கேக்கணும்னு அந்தக் கேப்டன் மாமாட்ட சொல்லும்மா."