அலை நனைக்கும் மேசை

பேருந்து தீவின் உள்ளே இருக்கும் அனோமேரா கிராமத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து யாக்குமிஸ் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை மனைவி கலியோ அவருக்கு மாட்டிவிட்டிருந்தாள். அவள் மடியில் துணியில் சுற்றிய பொட்டலம். வீட்டுப் பன்றியை அறுத்தபோது, முதுகுக் கறியில் உப்பும் மிளகும் தடவி வடகாற்றில் தொங்கவிட்டு உலர்த்தியது; லூசா என்பார்கள். துணியையும் மீறி அதன் வாசனை பேருந்து முழுக்க நின்றது. முன் இருக்கையில் இருந்த வெளியூர்ப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"துறைமுகத்துல ஒரு காப்பி குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடலாம்" என்றார் யாக்குமிஸ்.

"காப்பிதானே? உன் தம்பி கடையில குடி."

"அங்க ஒரு காப்பி விலைக்கு ஆட்டுக்குட்டியே வாங்கலாம்."

"இன்னைக்குக் காசு கேட்க மாட்டான். பேசாம வா."

அன்று புனித எஸ்தாதியோஸின் நாள். அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் திருநாள்; அதையே சுருக்கி ஸ்தாதிஸ் என்று கூப்பிடப்படும் தம்பிக்கும்தான். பெயர்த் திருநாளுக்கு இங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம், பெயருக்கு உரியவர் உபசரிப்பார். வந்தவர் பையில் கைவிட்டுக் காசை எடுத்தால் அதைவிட அவமானம் கிடையாது. பிறந்தநாள் என்றால் கூப்பிடவில்லையே என்று யாக்குமிஸ் சாக்குச் சொல்லியிருப்பார். அதனால்தான் கலியோ மாதக்கணக்கில் காத்திருந்து இந்த நாளைப் பிடித்தாள். இன்று அண்ணனும் தம்பியும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சண்டைக்குக் காரணம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் சொத்துப் பிரிக்கிறவர்களுக்கு ஒரே கணக்குதான். நல்ல சொத்து என்றால் உள்நாட்டு நிலம். வாற்கோதுமை விளையும், அத்தி காய்க்கும், ஆடு மேயும். கடலோரம் எதற்கும் உதவாது. உப்பு சுவரைத் தின்னும், குளிர்காலத்தில் அலை படுக்கை வரைக்கும் வரும். அதை இளையவன் தலையிலோ, பெண்ணுக்குச் சீதனமாகவோ கட்டிவிடுவார்கள். அப்பா கேட்டபோது மூத்தவரான யாக்குமிஸ் யோசிக்கவே இல்லை. நிலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துறைமுகத்தை ஒட்டிய அலெஃப்கந்த்ராவில் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டிருந்த பழைய வீடு ஸ்தாதிஸுக்குப் போயிற்று. தம்பியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, "வருத்தப்படாதடா, வலை காயப் போடவாவது ஆகும்" என்று பெரிய மனதோடு தேற்றியவரும் யாக்குமிஸ்தான்.

பிறகு கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்த வீட்டு வரிசைக்குக் குட்டி வெனிஸ் என்று பெயர் வைத்து, சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். வலை காயப்போட வேண்டிய இடத்தில் ஸ்தாதிஸ் மதுக்கடை வைத்தான். ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. அதைக்கூட யாக்குமிஸ் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கடை நன்றாக ஓடத் தொடங்கிய வருஷம் ஸ்தாதிஸ் வயலுக்கே வந்து, "அண்ணே, பாதி உன்னுதுன்னு வச்சுக்கோ" என்றானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பிச்சை போட வந்தியா?" என்று மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவர், அதற்கப்புறம் தம்பியின் முகத்தில் விழிக்கவில்லை. தன்னைத் தவிரக் குறை சொல்ல ஆளில்லை என்றால் மனுஷனுக்கு வரும் கோபம் லேசில் தணிவதில்லை. கலியோ இருபது வருஷமாக அதோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

போன தை மாதம் ஏதென்ஸில் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அவளுக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாகச் சொந்தக்காரர்கள் ஆள் பிடித்து வந்து ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும் என்றார்கள். யாக்குமிஸ் யாரிடமும் வாய் திறந்து கேட்கத் தெரியாதவர்; ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டே நின்றார். யார் சொல்லித் தெரிந்ததோ, புயலில் கப்பல்கள் நின்று, மறுபடி ஓடிய முதல் கப்பலிலேயே ஸ்தாதிஸ் வந்தான். கூடவே அவன் கடைச் சமையல்காரர், பரிமாறுகிற பையன்கள் என்று ஒரு பட்டாளம். வரிசையாகக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, அண்ணன் கண்ணில் படாமல் அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். "கொடுத்த ரத்தம் பொதுவாப் போகும்மா, உங்களுக்கு ஏத்தினது யாருதோ" என்று தாதி விளக்கினாள். கலியோ கேட்கத் தயாராக இல்லை. தன் உடம்பில் ஓடுவது ஸ்தாதிஸின் ரத்தம்தான் என்று அவள் அன்றே முடிவு செய்துவிட்டாள். விஷயம் யாக்குமிஸுக்கும் தெரியும். கேட்டுவிட்டு அவர் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

கடை வாசலில் கறுப்புச் சட்டை போட்ட பெண் வழிமறித்தாள். இந்தக் கோடைக்கு வேலைக்கு வந்தவள் போல.

"முன்பதிவு இருக்குங்களா?"

யாக்குமிஸின் கழுத்து சிவந்தது. அந்த நிலைப்படியில்தான் அவர் நடை பழகினார். திரும்பிப் போக அவருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்று கலியோவுக்குத் தெரியும். அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா. அந்த ஓரத்து மேசை காலியாத்தானே இருக்கு?"

"அது நனையுங்க. இன்னைக்கு அலை ஜாஸ்தி. அப்புறம் இந்தப் பொட்டலம்... வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாது."

"இது வெளிச் சாப்பாடு இல்ல, சொந்தக்காரங்க வீட்டுது" என்று சொல்லிவிட்டுக் கலியோ கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஓரத்து மேசைக்குக் கீழே மரப்பலகை, பலகைக்குக் கீழே கடல். கல்யாணமான புதிதில் இதே மூலையில்தான் அவளைச் சாப்பிட உட்கார வைத்தார்கள். அப்போது அடியில் 'தும்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தாமலே கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த கலியோவின் கல்யாணச் செருப்பு இரண்டும் அலையில் ஊறிப்போயின. இருவரும் புரையேறும் வரை சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வந்தது.

ஸ்தாதிஸ் தட்டோடு வந்தான். முதலாளி தட்டு தூக்குவதைப் பார்த்து அந்தக் கறுப்புச் சட்டைப் பெண் வாயைப் பிளந்தாள். மூன்று சிறு கிண்ணங்களில் சாராயம், ஒரு தட்டில் பாதாம் இனிப்பு. அவன் தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தான். உட்காரச் சொல்வார்களா என்று காத்துக்கொண்டு நின்றான், தன் சொந்தக் கடையில்.

யாக்குமிஸ் அவனைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவு?"

இதற்காகவா கலியோ இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தாள்?

ஸ்தாதிஸ் நோட்டைத் தொடவில்லை. "இன்னைக்கு என் நாள், அண்ணே" என்றான். "மறந்துட்டியா?"

பக்கத்து மேசையில் யாரோ சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மறந்திருந்தா எதுக்குடா இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றேன்?" என்றார் யாக்குமிஸ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நோட்டை மெதுவாகத் திரும்ப எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். காலால் எதிர் நாற்காலியைத் தள்ளிவிட்டார். "நிக்காத. வெளிச்சத்தை மறைக்கிற."

ஸ்தாதிஸ் உட்கார்ந்தான். கலியோ அவன் கையைப் பிடித்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நூறு வயசு இருடா, ஸ்தாதிஸ். நான் இன்னைக்கு உட்கார்ந்திருக்கேன்னா உன்னாலதான். தினமும் விளக்கேத்தும்போது உன் பேரைச் சொல்றேன்."

அவன் கண் கலங்கியது. அதை மறைக்கப் பொட்டலத்தை இழுத்துப் பிரித்தான். "அண்ணி, அந்த ரத்தத்துல என் திமிரும் கொஞ்சம் சேர்ந்து வந்திருக்கும். அண்ணனை எதிர்த்துப் பேசுறீங்களாமே? அனோமேராவே சொல்லுது."

"எதிர்த்துப் பேசினாக்கூடப் பரவாயில்ல" என்றார் யாக்குமிஸ், கடலைப் பார்த்துக்கொண்டே. "உன்னை மாதிரியே குறட்டை விடுறா. சின்ன வயசுல நாம ஒரே பாயில படுத்தப்ப கேட்டது, திரும்பவும் கேக்கறேன்."

"ரொம்பத் தொந்தரவாண்ணே?"

"இல்லடா." அவர் சாராயக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "ராத்திரி முழிச்சா, கேக்குதான்னு பாத்துட்டுத்தான் படுக்கறேன்."

கலியோ இத்தனை மாதமாக அது தெரியாமல் அவரோடு படுத்து எழுந்திருந்தாள். கிடைத்த உயிருக்கும், கிடைத்த இந்த இரண்டு முரடர்களுக்கும் சேர்த்து நெஞ்சுக்குள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்தாதிஸ் கத்தியால் லூசாவைக் கண்ணாடிபோல் மெல்லிசாக நறுக்கினான். முதல் துண்டை அண்ணன் பக்கம் நீட்ட, அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி, இல்ல?" என்றார். "சரியாத்தான் இருக்கு" என்றான் அவன்.

அடியில் 'தும்' என்றது.

அலை பலகைக்கு மேலே எழும்பி வந்து விழுந்தது. சுற்றிலும் நாற்காலிகள் சரிந்தன; பட்டுப் பாவாடைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கூச்சலிட்டார்கள்; யாருடைய கைப்பேசியோ தண்ணீரில் போயிற்று. அண்ணனும் தம்பியும் லூசாவை மென்றபடி, நான்கு கால்களையும் காற்றில் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஞாபகத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசைக்கு அடியில் குனிந்து கலியோவின் செருப்பைப் பார்த்தார்கள்.

அவளுடைய கால்களும் மேலேதான் இருந்தன.