இருபத்தெட்டு ‘இல்லை’

மேற்குச் சாலையை மூட இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. கணவாயில் காற்று எழுபது மைல் வேகத்தைத் தாண்டிவிட்டது, இரண்டு மணிக்குச் சாலைக் கதவைச் சாத்துகிறோம் என்று காலையிலேயே செய்தி வந்திருந்தது. சாத்தினால் ஞாயிறு வரை திறக்க மாட்டார்கள். மேற்கு மாவட்டங்களின் செனட்டர்கள் மேலங்கியை நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

நான் மேலவையின் கிளார்க். பெயர் கூப்பிடுவது, பதிலைக் குறிப்பது, விதியில் உள்ளதை உள்ளபடி வாசிப்பது, இவ்வளவுதான் வேலை. படித்தது வேதியியல். கூட்டத்தொடர் நடக்கும் நாற்பது நாட்களுக்கு மட்டும் இங்கே சம்பளம். காகிதத்தில் இல்லாத ஒரு வார்த்தையை அந்த அறையில் நான் பேசியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அன்றைய கடைசி மசோதா மைத்தே இரிபாருடையது. ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். டிசம்பரில் அவர் பகுதியின் செனட்டர் உடல்நலமில்லாமல் விலகியதால் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர். என்னைப் போலவே பேச்சுக் குறைவு. மசோதாவும் அவரைப் போலச் சின்னது, ஒன்றரைப் பக்கம். இப்போதைய சட்டப்படி ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டுமானால் பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய இரண்டு பேர் அதில் இருக்க வேண்டும். சிற்றூர்களில் ஒருவர் இருந்தால் போதும், வண்டி ஓட்ட உரிமம் உள்ள யாரும் ஓட்டலாம் என்று மாற்றச் சொன்னது மசோதா. அவருடைய ஊர் சாண்ட் ஃபோர்க்கில் ஆம்புலன்ஸ் முப்பத்தொரு நாட்களாகப் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஆம்புலன்ஸ் அறுபத்தெட்டு மைல் தள்ளி. மேலவையில் நிறைவேறும் மசோதாக்கள் கீழவைக்குப் போக அன்றுதான் கடைசி நாள். தவறினால் அடுத்த வருடம்தான்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. புதிய செனட்டரின் முதல் மசோதாவுக்கு இந்த அவையில் ஒரு மரியாதை உண்டு. முதலில் கிறுக்குத்தனமான கேள்விகள் கேட்பார்கள். பிறகு வாக்கெடுப்பில் எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு ‘இல்லை’ என்பார்கள். புதியவர் முகம் வெளுத்ததும், ஒவ்வொருவராக எழுந்து “என் வாக்கை மாற்றுகிறேன்” என்று சொல்லிக் கைதட்டுவார்கள். அதன்பின்தான் தலைவர் முடிவை அறிவிப்பார். மறுநாள் புதியவர் எல்லாருக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கித்தர வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிடுவது பெரிய துரோகம். முதல் நாளே என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

ஜோலீன் பர்கெஸ்தான் ஆரம்பித்தார். இருபது வருடமாக இந்த விளையாட்டை நடத்துகிறவர்.

“தலைவரே, ஒரு சந்தேகம். இந்த ஆம்புலன்ஸ்ல ஆட்டை ஏத்தலாமா?”

மைத்தே எழுந்தார். “மசோதாவுல ஆடு பத்தி ஒண்ணும் இல்லைங்க.”

“இல்லைங்கிறதுதான் என் கவலையே. உங்க ஊர்ல மனுசங்க முந்நூத்திப் பன்னெண்டு. ஆடு?”

“பதினோராயிரம் சொச்சம்.”

“பதினோராயிரம் பேருக்கு வைத்திய வசதி இல்லாம ஒரு மசோதா! அப்புறம், ஓட்டுறவர் வழியில காப்பி குடிக்க நிறுத்தலாமா?”

“வழியில கடையே கிடையாதுங்க.”

“ஐயோ பாவம். சைரன் சத்தத்துக்குப் பதிலா பாட்டுப் போட்டா?”

மைத்தே இதற்கும் யோசித்துப் பதில் சொன்னார். சைரன் எந்த அதிர்வெண்ணில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பாட்டு அதற்குள் அடங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். பின்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

வெர்லின் ஹாக் மட்டும் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா மசோதாவையும் வரி வரியாகப் படித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். போன வாரம் கமிட்டியிலேயே இந்த மசோதாவை எதிர்த்தவர் அவர் ஒருவர்தான்.

நான் பெயர்களைக் கூப்பிட்டேன். முப்பது பேரில் அவைத் தலைவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மீதி இருபத்தொன்பது. ஒவ்வொரு ‘இல்லை’யும் ஒவ்வொரு விதமாக வந்தது. ஒருவர் பெருமூச்சோடு சொன்னார். ஒருவர் மார்பில் கை வைத்துச் சொன்னார். ஹாக் சாதாரணமாகச் சொன்னார். மைத்தே தன் ‘ஆமாம்’ஐச் சொன்னபோது முதல் வரிசைக்கே கேட்டிருக்காது. கூட்டிப் பார்த்துக் காகிதத்தை மேலே நீட்டினேன்.

தலைவர் நாற்காலியில் டெல்மர் குவின் இருந்தார், துணைத்தலைவர். அவரும் மேற்குதான். அன்று அவருக்கு நாற்பதாவது திருமண நாள், ஆறு மணிக்கு விருந்து. ஒரு கண் கடிகாரத்தில். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. காகிதத்தை வாங்கினார், கண்ணைத் துடைத்தார், பழக்கதோஷத்தில் வாசித்தார்.

“ஆமாம் ஒன்று, இல்லை இருபத்தெட்டு. மசோதா தோற்றது.”

சுத்தியலைத் தட்டினார்.

மேற்குக்காரர்கள் ஒன்பது பேர் சிரித்தபடியே எழுந்து, “மாத்திக்கோ டெல்மர், எங்களையும் சேத்துக்கோ!” என்று கத்திவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் பின்னால் கதவு ஆடி நின்றது. ஜோலீன் எழுந்து, “தலைவரே, என் வாக்கை...” என்று தொடங்கினார்.

காகிதத்தில் இல்லாத என் முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“ஐயா, தட்டிட்டீங்க.”

“என்னம்மா?”

“சுத்தியல். தட்டிட்டீங்க.”

டெல்மர் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார். யாரோ அதை அவர் கையில் திணித்துவிட்டுப் போனது போல இருந்தது அவர் முகம்.

“விதியைப் படிம்மா,” என்றார் மெதுவாக.

படித்தேன். முடிவை அறிவித்துச் சுத்தியல் தட்டிய பின் எந்த வாக்கையும் மாற்ற இயலாது. மைத்தே இன்னும் நின்றுகொண்டிருந்தார். நடந்தது விளையாட்டு என்பதும் அவருக்குத் தெரியாது, விளையாட்டு கெட்டுப்போனதும் தெரியாது. மசோதாவை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

ஜோலீன் அவர் பக்கத்தில் ஓடினார். “மடிக்காத தாயி, மடிக்காத! இது சும்மா வெளாட்டு. எல்லாருக்கும் செய்யறது. எனக்கும் செஞ்சாங்க, நான் அழுதேன். நாங்க எல்லாரும் உன் பக்கம்தான்.”

“அப்போ நிறைவேறிடுச்சா?”

“இல்ல. அதான் கொஞ்சம்... டெல்மர்! நாப்பது வருசம் ஒருத்தியோட குடித்தனம் நடத்தத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு சுத்தியலைப் பிடிச்சுக்கத் தெரியலையா?”

“அவ பேரை இழுக்காத ஜோலீன். ஏற்கெனவே பயத்துல இருக்கேன்.”

அடுத்த விதியை யாரும் கேட்காமலே வாசித்தேன். தோற்ற மசோதாவை அதே நாளில் மறுபடி எடுக்கலாம். வென்ற பக்கம் வாக்களித்த ஒருவர் அதைக் கோர வேண்டும். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர், அதாவது இருபது பேர், சம்மதிக்க வேண்டும்.

வென்ற பக்கமா? பதினேழு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். “நான் கோருகிறேன்!” என்று பதினேழு குரல். தலைவர் நாற்காலியில் இருந்தபடியே டெல்மரும் கை தூக்கியிருந்தார். யாரோ தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார்கள். மைத்தே முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு நான் தலைகளை எண்ணினேன். சரியாக இருபது.

ஜோலீன் மேலங்கிகூடப் போடாமல் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. “ஒரு வண்டி இல்ல. போன் போட்டா ஒருத்தனும் எடுக்கல. மேற்குச் சாலையில ஏறிட்டானுங்க, அங்க சிக்னல் கிடையாது.”

“டெல்மர், நீங்களும் கிளம்பணுமே?” என்றது ஒரு குரல்.

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தோம். பன்னிரண்டு இருபது. கணவாய்க்கு ஒன்றரை மணி நேர ஓட்டம்.

டெல்மர் தன் மேலங்கியை எடுத்தார். அதை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். “நான் இன்னிக்கு வீட்டுக்குப் போகப்போறதில்ல. ஞாயித்துக்கிழமை என் சம்சாரம் என்னைக் கொன்னு போட்டுருவா. எப்படியும் ஒரு ஆம்புலன்ஸ் வேணும். ஓட்டுப் போடுங்கப்பா.”

மேசைகளைத் தட்டிச் சிரித்தார்கள். நான் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். இந்த முறை ‘ஆமாம்’கள் முந்திக்கொண்டு வந்தன. சிலர் பெயரை நான் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

“செனட்டர் ஹாக்.”

“என்னைக் கடைசியில கூப்பிடு.”

மேசைத் தட்டல் நின்றது. மற்றவர்களை முடித்தேன். ஆமாம் பத்தொன்பது.

“யோவ் வெர்லின்,” என்றார் ஜோலீன். “இப்ப என்னய்யா உனக்கு?”

“நான் வெளாட்டுக்கு ஓட்டுப் போடறவன் இல்ல. முன்ன சொன்ன ‘இல்ல’யும் நெசந்தான்.” ஹாக் பென்சிலைக் காதில் செருகினார். “ஒத்த ஆளா போறது ஆபத்துன்னு சொல்ல வரல. ரோட்டுல நான் எத்தனையோ பேரைத் தனியாத் தூக்கியிருக்கேன். மசோதாவுல தப்பில்ல. ஆனா ஒரு கணக்கு இடிக்குது. அதுக்குப் பதில் வேணும்.”

“கேளுங்க,” என்றார் மைத்தே.

“உங்க மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டேன். சாண்ட் ஃபோர்க்ல உரிமம் வாங்கினவங்க ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர். ஒண்ணு பள்ளிக்கூடத்துல சமைக்கிறவங்க. இன்னொண்ணு யாருன்னு சொல்ல மாட்டாங்களாம், ரகசியமாம். அந்த ஆளைத்தான் முப்பத்தொரு நாளாக் காணோம். அதனாலதான் வண்டி நிக்குது. கமிட்டியில உங்களைக் கேட்டேன். வெளியூர் போயிருக்காங்கன்னு முடிச்சிட்டீங்க.”

“ஆமாங்க.”

“பொறுப்பெடுத்துக்கிட்ட ஒருத்தர் ஊரை விட்டுட்டு எங்கயோ ஊர் சுத்தறதுக்காக நான் சட்டத்தை மாத்த மாட்டேன். அவர் ஏமாத்தலைன்னு எனக்குத் தெரிஞ்சா, அடுத்த வார்த்தை ஆமாம்தான். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். எந்த ஊர் போயிருக்கார்?”

மைத்தே மடித்த மசோதாவைப் பிரித்தார். காது சிவந்துவிட்டது. “இந்த ஊருக்குத்தாங்க.”

“தலைநகருக்கா? எதுக்கு?”

“வேலையா.”

“என்ன வேலை?”

“நாப்பது நாள் வேலைங்க.”

ஜோலீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹாக் அதைப் பார்க்கவில்லை.

“நாப்பது நாளைக்கு என்னங்க அப்படி ஒரு வேலை? விடுமுறையில ஊருக்குப் போறாரா?”

“சனிக்கிழமை ராத்திரி போய்ச் சேருவாங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல மட்டும் வண்டி ஓடும். போன வாரம் ஒரு பிரசவம் பாத்தாங்க. பாதி வழியிலயே பொறந்துடுச்சு.”

“என்ன கொழந்தை?”

“பொண்ணுங்க. மூணு கிலோ.”

டெல்மர் சுத்தியலைத் தூரமாகத் தள்ளி வைத்தார். அவருக்குத் தோள் குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர் “வெர்லின், வெர்லின்” என்று மெல்லக் கூப்பிட்டார். ஹாக் திரும்பவில்லை. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி விசாரிக்கும்போதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது.

“இதை ஏங்க கமிட்டியில மறைச்சீங்க?”

“மறைக்கணும்னு இல்ல. சொன்னா, மசோதா ஒரு ஆளோட சௌகரியத்துக்குன்னு ஆயிடும். ஊருக்காகன்னு யாரும் நம்ப மாட்டாங்க. அதோட, என்னத்தச் செஞ்சிட்டோம்னு சொல்லிக்கிறதுன்னு ஒரு கூச்சம்.”

“கூச்சம் அந்த ஆளுக்கா, உங்களுக்கா?”

இப்போது அறையில் ஹாக்கைத் தவிர எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். பேனா காகிதத்தில் நிற்கவில்லை.

“என்னய்யா சிரிப்பு?” என்று ஹாக் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி மைத்தே பக்கம் திரும்பினார். “இங்க பாருங்கம்மா, சுத்தி வளைக்காதீங்க. எனக்குப் பேரு வேணும். கிளார்க் எழுதிக்கட்டும். அந்த ரெண்டாவது ஆள் பேரு என்ன?”

மைத்தே என்னைப் பார்த்தார். நான் எழுதத் தயாராக இருந்தேன்.

“மைத்தே இரிபார்,” என்றார், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி.