சுழல்மலை இளவரசி தமிழ் பேசினாள்

சுவாதிக்குச் சம்பளம் கொடுப்பது சென்னைக் கம்பெனி. அவள் உட்கார்ந்து வேலை பார்ப்பது செஞ்சியில், வீட்டு மாடியறையில். ஜப்பானிய இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவாள். 'இந்தத் திருகை இடப்பக்கம் திருப்பவும்' என்று எழுதி எழுதி அலுத்துப்போனால், பிறகு அவள் திறப்பது 'சுழல்மலை இளவரசி'யை.

அது கையடக்கக் கருவியில் ஆடுகிற பழைய ஜப்பானிய விளையாட்டு. மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி ஊர் ஊராகப் போய், பூதங்களோடு சண்டை போட்டு, கடைசியில் கோட்டைக்குள் முகமூடி அரசனை எதிர்கொள்ளும் நீண்ட கதை. ஜப்பானை விட்டு அது வெளியே வந்ததே இல்லை. அதைத் தமிழில் கொண்டுவருவோம் என்று இணையத்தில் ரசிகர்கள் சிலர் கிளம்பினார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது இரண்டே பேர். வசனம் எழுதும் சுவாதி. அங்கே அவள் பெயர் 'கொடுக்காப்புளி'. அந்த வசனத்தை விளையாட்டுக்குள் ஏற்றி, தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து தரும் 'பாக்குவெட்டி'. யார், எந்த ஊர் என்று கேட்கும் வழக்கம் அந்தக் குழுவில் இல்லை.

திரையில் வசனப் பெட்டிக்கு மூன்றே வரிதான் இடம். ஓராண்டாக இருவருக்கும் சண்டை அதில்தான்.

"ப்ரோ, கெழவன் ரொம்ப பேசுறான். பாதியா கொறைங்க" என்று பாக்குவெட்டி எழுதும்.

"அவரு சாகப்போறாரு ப்ரோ. பேசத்தான் செய்வாரு."

"மூணு வரிக்குள்ள சாகச் சொல்லுங்க."

கடைசிக் காட்சியில் சண்டை முற்றிவிட்டது. அரசன் முகமூடியைக் கழற்றுகிறான். அவன்தான் அந்தப் பெண்ணைப் பெற்றவன். அவள் வாளைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு சொல் சொல்கிறாள். சுவாதி 'தந்தையே' என்று எழுதி அனுப்பினாள். திரும்பி வந்தபோது அது 'நைனா' என்று மாறியிருந்தது.

சுவாதிக்குச் சுருக்கென்றது. இடம் பத்தாமல் வெட்டலாம், சொல்லையே மாற்றுவதா?

"மதுரைக்காரனுக்கு நைனா புரியுமா ப்ரோ?" என்று தட்டினாள்.

"அழுவுற பொண்ணு தந்தையேன்னு அழுவுமா ப்ரோ?"

பதில் யோசித்துக்கொண்டிருந்தவளைக் கீழேயிருந்து அப்பா ஜெயராமன் கூப்பிட்டார். "சுவாதி, நாளைக்குப் பகல் பூரா கரண்ட் இருக்காதாம். இப்பவே மோட்டார் போட்டுடு."

"சரி நைனா" என்று குரல் கொடுத்துவிட்டு, சுவாதி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திரையில் அடுத்த வரி வந்திருந்தது. "நாளைக்குப் பகல்ல வர மாட்டேன் ப்ரோ. கரண்ட் கட்."

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "எங்க ஊர்லயும்தான்" என்று எழுதினாள்.

"இன்னா ஊரு?"

"செஞ்சி."

பதில் வந்தது: "வெளாடாதீங்க ப்ரோ. நான் தாலுக்கா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை. நாளைக்கு மிஷின் ஓடாது, சும்மாத்தான் இருப்பேன். வாங்க, டீ சொல்றேன்."

மறுநாள் போனாள். ஆதார் நகல் எடுக்க அவள் எத்தனையோ தடவை வந்த கடைதான். உள்ளே நாற்பதைத் தாண்டிய பெண்மணி ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பாக்குவெட்டின்னு ஒருத்தர்..." என்று இழுத்தாள் சுவாதி.

அந்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நான்தாம்மா. ஏன், உங்க அண்ணன் வரலையா?"

"எந்த அண்ணன்?"

"கொடுக்காப்புளி."

"அது நான்தாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. டீ கொண்டுவந்த கடைக்காரர், இவர்கள் சிரித்து முடியட்டும் என்று டம்ளரோடு நின்றார்.

அவர் பெயர் ஜெயக்கொடி. பத்திரிகை, பேனர் எல்லாம் வடிவமைப்பவர். அதனால்தான் எழுத்து வரைவது கைவந்தது. துபாயில் இருந்து தம்பி கொண்டுவந்து கொடுத்த பழைய கருவியில் இந்த விளையாட்டு இருந்ததாம்.

"ஒரு எழுத்து தெரியாது சுவாதி. எந்த பட்டன் அமுக்குனா அடிக்கும், அவ்ளோதான். கடைசி வரைக்கும் ஆடி முடிச்சிட்டேன். கதைய நானே கட்டிக்கிட்டேன். அவன் மொகமூடிய எடுத்ததும் இது கத்திய போட்டுச்சு பாரு, அப்பவே சொன்னேன், இவன் அவ நைனான்னு. நீ எழுதி அனுப்பினதும் அதேதான். அன்னிக்கு எனக்குக் கடையில வேலையே ஓடல."

சுவாதி அந்தக் கருவியைக் கேட்டு வாங்கினாள். அதில் சார்ஜ் இருந்தது. கடைசிக் காட்சியின் ஜப்பானிய வசனத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் சொன்னது, பேசப் பழகும் குழந்தை அப்பனைக் கூப்பிடுகிற சொல். கதை முழுக்கவே அவள் மலைக்காட்டுப் பேச்சுதான் பேசியிருந்தாள். கையேடு எழுதிப் பழகிய கை, எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தது.

"அக்கா, நைனாவே இருக்கட்டும். ஆனா அப்போ மொதல்ல இருந்து இவ பேச்சு பூரா மாத்தணுமே."

"மாத்து. நீட்டினா வெட்டுறேன்."

"வெட்ட விடமாட்டேன்."

'நை' என்ற எழுத்து அகலம் கூடி, பெட்டிக்குள் இடித்துக்கொண்டு நின்றது. அச்சில் கெட்டுப்போன பத்திரிகையின் பின்பக்கம் ஜெயக்கொடி கட்டம் போட்டு, அதை ஒடுக்கி ஒடுக்கி வரைந்தார். சுவாதி பக்கத்திலேயே உட்கார்ந்து, பூதத்திடம் அந்தப் பெண் "இன்னாத்துக்கு வழிய மறிக்கிற?" என்று கேட்கும்படி திருத்தினாள். கரண்ட் வந்து மின்விசிறி சுழன்றபோது வசனத் தாள்கள் கடையெல்லாம் பறந்தன.

பொங்கலுக்குள் வேலை முடிந்து இணையத்தில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர், ஆடி முடித்து அழுதுவிட்டதாக எழுதினார். நாகர்கோவிலில் இருந்து ஒருவர், 'நைனா என்பவர் நல்ல பலசாலியாக இருக்கிறார், அவரை நம் அணியில் எப்படிச் சேர்ப்பது?' என்று கேட்டிருந்தார். ஜெயக்கொடி அதை உரக்கப் படித்துக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பட்டா நகலோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். "ஜெராக்ஸ் கெடைக்குமாம்மா?"

"கொஞ்சம் இருங்க பெரியவரே" என்றார் ஜெயக்கொடி. "அடுத்தது எந்த கேம்னு முடிவு பண்ணிட்டு வந்துடுறேன்."